பிள்ளை சொன்னதைப் போலீஸ் விசாரிப்பதற்கு முன்பு யார், எவ்வளவு கேட்கலாம்?

ஆலோசக_ஆசிரியை (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு பக்க வழிகாட்டி தயாரிக்கிறேன். தன்னிடம் யாரோ தப்பாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால், போலீசும் சமூக நல இலாகாவும் விசாரிப்பதற்கு முன் பெரியவர்கள் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் பொருள்.

நம் வட்டாரம் எப்படி என்று தெரியும். தாய் தகப்பன் இருவருக்கும் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டால் பிள்ளை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், டியூஷனில், இல்லை பள்ளி வேனில். காலையில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கப் பேச்சாகிவிடும். அம்மா கேட்பார், அத்தை கேட்பார், வகுப்பாசிரியர் கேட்பார், கோயில் தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்.

சங்கத்தில் இரண்டு கருத்து. "பிள்ளை பொய் சொல்லாது, சொன்னதே போதும்" என்பது ஒன்று. "ஏழு வயசுப் பிள்ளை பேச்சை வைத்து ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பலாமா" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பொறுப்பான பதில் வேண்டும். எந்த வயதிலிருந்து பிள்ளையின் வாக்குமூலம் நிற்கும்? ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்கலாம்? டாக்டர் காயம் இல்லை என்றால் கேஸ் முடிந்ததா?


நேர்காணல்_பயிற்றுநர் எழுதியது:

வயதைவிட, கேட்ட கேள்விதான் பதிலின் தரத்தை முடிவு செய்கிறது. நாலு வயதுப் பிள்ளையும் தனக்கு நடந்ததைச் சொல்லும், குறைவாகச் சொல்லும், அவ்வளவுதான். "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் வருவது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் ரெண்டே வரியில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு அது போதாது. மிச்சத்தை நிரப்ப, "ஆமா", "இல்ல" என்று பதில் வரும் கேள்விகளை அடுக்க ஆரம்பிக்கிறார்கள். கெடுவது அங்கேதான்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு மிஷெல் லைக்ட்மன், ஸ்டீவன் செசி இருவரும் 1995-ல் வெளியிட்டது. மழலையர் பள்ளிக்கு சாம் ஸ்டோன் என்ற புது ஆள் வந்தார், இரண்டு நிமிடம் இருந்தார், எதையும் தொடாமல் போய்விட்டார். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு அவர் வருவதற்கு முன்பே "சாம் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பான்" என்று கதை சொல்லியிருந்தார்கள். வந்துபோன பிறகு 10 வாரத்துக்குள் நாலு தடவை, அவர்தான் புத்தகத்தைக் கிழித்தார், கரடி பொம்மையை அழுக்காக்கினார் என்ற தோரணையில் கேட்டார்கள். கடைசியில் புதிதாக ஒருவர் வந்து விசாரித்தபோது, இந்தப் பிரிவின் 3, 4 வயதுப் பிள்ளைகளில் 72 விழுக்காட்டினர் அவர் இரண்டில் ஒன்றையாவது செய்தார் என்றார்கள். "நீ நிஜமாவே பார்த்தியா?" என்று மெல்ல மறுத்துக் கேட்ட பிறகும் 21 விழுக்காட்டினர் விடவில்லை. முன்கதையும் இல்லாமல், திணிப்புக் கேள்வியும் இல்லாமல் கேட்கப்பட்ட பிள்ளைகளில் இந்தத் தவறு மிகக் குறைவு. அவர்களும் அதே வயதுதான்.

உங்கள் லயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "அவன் ஒரு மாதிரி ஆளு, எனக்கு அப்பவே தெரியும்" என்று அத்தை பேசுவதைப் பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் அது அந்த முன்கதை. அம்மா, ஆசிரியர், தலைவர் என்று மாறி மாறிக் கேட்டால் அது அந்த நாலு நேர்காணல்.

ஒரே ஆமா-இல்லை கேள்வியை ஒரே அமர்வில் திரும்பக் கேட்டால் நாலு வயதுப் பிள்ளைகள் பதிலை மாற்றுகிறார்கள் என்று டெப்ரா பூல், லாரன்ஸ் ஒயிட் ஆய்வு 1991-ல் காட்டியது. முதலில் சொன்னது தப்பு போலிருக்கு, அதனால்தான் திரும்பக் கேட்கிறார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் நாம் கேட்பது அப்படித்தானே? "உண்மையைச் சொல்லு, நல்லா யோசிச்சுச் சொல்லு, மறுபடி கேக்குறேன்."

இதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு. நியூ ஜெர்சியில் 'வீ கேர்' மழலையர் பள்ளி ஆசிரியை 1988-ல் 115 குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பாகி 47 ஆண்டு தண்டனை பெற்றார். 1993-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. "மற்ற பிள்ளைகள் சொல்லிட்டாங்க, நீயும் சொல்லு" என்கிற பாணியில் பிள்ளைகளை விசாரித்திருந்தார்கள். 1994-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், விசாரணை முறையே பிள்ளையின் நினைவைக் கெடுத்ததா என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால் அதைப் பிரித்தெடுக்க இனி யாராலும் முடியாது. எனக்கு அந்த வழக்கில் மனதை உறுத்துவது இதுதான்.

அந்தத் தவறுகளுக்குப் பிறகுதான் மைக்கேல் லாம்பும் சகாக்களும் 2000-ல் ஒரு நேர்காணல் முறையை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. முதலில் விதிகளைச் சொல்வார்கள்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம். உண்மை சொல்வேன் என்று பிள்ளையிடம் வாக்கு வாங்குவார்கள். பொய்க்கும் உண்மைக்கும் விளக்கம் கேட்பதைவிட இந்த எளிய வாக்குதான் பலன் தருகிறது. அடுத்து, பிறந்த நாள் மாதிரி சம்பந்தமில்லாத ஒரு நிகழ்வை முதலிலிருந்து கடைசி வரை சொல்லவைத்து, நீளமாகச் சொல்லப் பழக்குவார்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகுதான் "எதைப் பற்றிப் பேச வந்திருக்கே?" அதன்பின் "நீ சொன்னியே, கதவைச் சாத்தினார்னு, அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளை சொன்ன சொல்லையே பிடித்துப் போவார்கள். யார், எங்கே என்பது அதற்குப் பின். "இதுவா, அதுவா" வகைக் கேள்விகள் கடைசியில், தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும்.

திறந்த கேள்வி எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடாது என்பதும் உண்மை. சேவிட்ஸ், குட்மன் குழு 1991-ல் 5, 7 வயதுச் சிறுமிகளை வைத்துச் செய்த ஆய்வில், டாக்டர் பரிசோதனையில் அந்தரங்க உறுப்பைத் தொட்டதைப் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகச் சொல்லவில்லை. நேராகக் கேட்டபோது சொன்னார்கள். அப்படி நேராகக் கேட்டதில், நடக்காததைச் சொன்ன பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். இந்த ரெண்டு பக்கத்தையும் எடைபோட்டு எப்போது நேராகக் கேட்பது என்று முடிவெடுப்பது பயிற்சி பெற்ற ஆளின் வேலை. பள்ளி அலுவலகத்தில் செய்கிற வேலை இல்லை.

ஆசிரியருக்கு என் அளவு: "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" பிள்ளை தானாகப் பெயர் சொல்லாவிட்டால் "யாரு?" அந்த ஆள் இன்று பிள்ளையிருக்கும் வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும், நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை தடவை, எந்தத் தேதி, என்ன உடுப்பு என்று போகவேண்டாம். பொம்மையைக் கொடுத்துக் "காட்டு" என்று சொல்லவே வேண்டாம். சிறு பிள்ளைக்கு அந்தப் பொம்மை தன் உடம்பைக் குறிக்கிறது என்ற புரிதலே முழுதாக வந்திருக்காது. விளையாட்டாக விரலை நுழைப்பதையெல்லாம் பெரியவர்கள் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள்.


நீதிமன்ற_வாசல் எழுதியது:

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன்.

மலேசியாவின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017, அந்த ஆண்டு ஜூலை 10 முதல் அமலில் உள்ளது. 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் பொருந்தும். பிரிவு 17-ன்படி பிள்ளை சாட்சி சொல்லத் தகுதியானது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். பிரிவு 18-ன்படி, வேறு துணைச் சான்று இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கலாம், சத்தியம் செய்து சொல்லியிருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. ஆகவே "சாட்சி யாரும் பார்க்கல, கேஸ் நிக்காது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது தப்பு. ஆனால் தண்டிக்க*லாம்* என்பதைக் கவனியுங்கள். ஒரே சான்று பிள்ளையின் சொல் என்கிறபோது எதிர்த்தரப்பு வக்கீலின் முழுக் கவனமும் அந்தச் சொல் எப்படி வந்தது என்பதில்தான் இருக்கும். "உன்னிடம் முதலில் யார் கேட்டார்? என்ன கேட்டார்? அப்புறம் யார்? இந்தச் சொல்லை யார் சொல்லிக்கொடுத்தார்?" ஒவ்வொரு கூடுதல் விசாரிப்பும் அவருக்கு ஒரு கூடுதல் கேள்வி.

கோயில் தலைவர் விஷயம். பிரிவு 19: இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். ஆசிரியர், உறவினர், தலைவர் யாரானாலும் அதே. "நம்மளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று பஞ்சாயத்து வைப்பதே குற்றமாக முடியலாம். இது தவிர சிறார் சட்டம் 2001 மருத்துவர், குடும்பத்தார், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோருக்குத் தனியாகக் கடமை வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி காசு வாங்கிப் பிள்ளை பார்க்கிறார் என்றால் அவரும் இதில் வருவார். சந்தேகம் போதும், நிரூபணத்தோடு போகவேண்டியதில்லை. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி 15999 எண் 24 மணி நேரமும் உண்டு.

வாட்சாப் குழு இன்னொரு ஆபத்து. பிள்ளை பேசுவதை ஃபோனில் எடுத்து உறவினர் குழுவில் போட்டால், கேள்வி கேட்கும் குரலும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், நாளை அது நீதிமன்றத்துக்கு வரும். பிள்ளையின் பெயர், முகம், பள்ளி அடையாளம் வெளியே போனால் சிறார் சட்டம் பிரிவு 15 இருக்கிறது: 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

போலீசில் பயிற்சி பெற்ற அதிகாரி தனி அறையில் வீடியோவில் எடுக்கும் நேர்காணலை, சிறார் சாட்சிச் சட்டம் 2007-ன்கீழ் முதல் விசாரணைச் சாட்சியமாகவே (அரசுத் தரப்பு கேட்டுப் பிள்ளை முதலில் சொல்லும் சாட்சியத்துக்கு ஈடாக) நீதிமன்றத்தில் போட்டுக் காட்டலாம். குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரவேண்டும், அதைத் திரைக்குப் பின்னாலிருந்தோ வேறு அறையிலிருந்து நேரலையிலோ செய்யலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். இதற்கெல்லாம் அரசுத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பிக்க வேண்டும், குடும்பம் முன்கூட்டியே ஞாபகப்படுத்தினால் நல்லது.

பிள்ளை முதலில் யாரிடம் சொன்னதோ அவரைச் சாட்சியாகக் கூப்பிடக்கூடும், பெரும்பாலும் அது ஆசிரியர். வழக்கு வர மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். சம்பவத்தை ஒட்டித் தன் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சான்றுச் சட்டம் 1950, பிரிவு 159 இடம் தருகிறது. ரெண்டு வாரம் கழித்து எழுதிய குறிப்புக்கு அந்தப் பலம் கிடையாது.


வார்டு_தாதி எழுதியது:

காயம் பற்றிய கேள்விக்கு: இல்லை, கேஸ் முடியவில்லை.

துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பரிசோதனையில் எல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும். தொடுவது, தேய்ப்பது தடயம் விடாது. அந்த இடத்துத் தசை சில நாளில் ஆறிவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் வாரம், மாதம் கழித்துத்தான் சொல்கிறார்கள். "ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று குடும்பம் கேட்டுக்கொள்வதும், டாக்டர் எழுதியதும் ஒன்றல்ல. சாதாரண நிலை துன்புறுத்தலை உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதுதான் அறிக்கையின் பொருள்.

மறுபக்கமும் உண்டு. சிவந்திருக்கிறது, அரிக்கிறது என்பதை வைத்து அம்மாக்கள் பயந்துபோய்ப் பிள்ளையை விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். கீரிப்பூச்சி, சோப்பு, ஈர உள்ளாடை, சரியாகக் கழுவாதது என்று இதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய. இங்கிலாந்தின் கிளீவ்லந்தில் 1987-ல் 121 பிள்ளைகளைச் சில மாதத்துக்குள் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று முடிவு செய்தார்கள். பலருக்கு ஒரே ஓர் உடல் அறிகுறிதான் பெரிய ஆதாரமாக எடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகு வீடு திரும்பினார்கள். உடம்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதும், பிள்ளை வாயை மட்டும் கிண்டி முடிவுக்கு வருவதும் ஒரே மாதிரி ஆபத்து.

சம்பவம் 72 மணி நேரத்துக்குள் என்றால் குளிப்பாட்டாமல், உடுப்பு மாற்றாமல் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஓ.எஸ்.சி.சி. (One Stop Crisis Centre, இப்படிப்பட்டவர்களுக்கான உதவி மையம்) என்று கேட்டால் தனி அறைக்கு அனுப்புவார்கள், போலீஸ் புகாரை அங்கிருந்தே ஏற்பாடு செய்யலாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் உள்ளாடை, படுக்கை விரிப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் தனித்தனியாகப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் அடைத்துப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். சிறு பிள்ளைகளில் 24 மணி நேரம் தாண்டினால் உடம்பிலிருந்து எடுக்கும் மாதிரியில் அதிகம் கிடைப்பதில்லை, கிடைப்பது பெரும்பாலும் துணியில்தான். அந்த விரிப்பைத்தான் வீட்டில் முதலில் துவைத்துப் போடுகிறார்கள்.


மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மேலே யாரும் சொல்லாத ஒன்று. நம் பிள்ளை தமிழில் சொல்லும், அறிக்கை மலாயில் எழுதப்படும். நடுவில் தொலைவது நிறைய.

"மாமா" என்றால் யார்? லயத்தில் ஆண்பிள்ளை எல்லாருமே மாமா, அண்ணன், தாத்தாதான். "எந்த மாமா?" என்று கேட்டு, பிள்ளையின் அடையாளத்தை அதன் சொல்லிலேயே எழுதவேண்டும்: "மோட்டார் வச்சிருக்கிற மாமா", "பூனை வீட்டு மாமா". கேட்பவராக ஒரு பெயரை எடுத்துக்கொடுத்தால் பிள்ளை தலையாட்டிவிடும். தவறான ஆள் மாட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

"தொட்டாரு" என்பதற்கும் "தொட்டாராம்" என்பதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியும். இரண்டாவது, பிள்ளை பிறர் வாயிலிருந்து கேட்டதாக இருக்கலாம். மலாயில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அதேபோல் "தொட்டாரு" என்று சொன்னதை "ராபா" (தடவித் துழாவுவது) என்று எழுதினால் பிள்ளை சொல்லாத பொருள் ஏறிவிடும். உறுப்புக்கு வீட்டில் புழங்கும் சொல் எதுவோ அதை அப்படியே எழுதி, என்ன உறுப்பு என்று தனியாகக் குறிக்கவேண்டும். "நேத்து" என்பது சிறு பிள்ளைக்கு நேற்றும் இருக்கலாம், போன மாதமும் இருக்கலாம். தேதியில் முரண் என்று பின்னால் வக்கீல் பிடிப்பது இதைத்தான். தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா, பள்ளி லீவிலா என்று நேர்காணல் அதிகாரி கேட்டுக்கொள்வார்.

நேர்காணலுக்குத் தேதி கொடுக்கும்போதே தமிழ் பேசும் அதிகாரியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உறவினர் மொழிபெயர்க்கக்கூடாது, சம்பந்தப்பட்ட பள்ளி ஆசிரியரும் வேண்டாம். "அவர் தொட்டாருதானே?" என்கிற "தானே" மொழிபெயர்ப்பில் நுழைந்துவிட்டால் கேள்வியே மாறிப்போகும்.


லைன்_வீட்டு_அப்பா எழுதியது:

எல்லாம் சரி. பிள்ளையே "நான் சொன்னது பொய்"னு பின்னால் சொன்னால்? அப்போ அந்த ஆள் நிரபராதிதானே. ஆளுக்குப் போன மானம் திரும்புமா?


நேர்காணல்_பயிற்றுநர் எழுதியது:

நியாயமான கேள்வி. சொன்னதைத் திரும்பப் பெறுவது மட்டும் எதையும் நிரூபிக்காது. மலோய், லயன், குவாஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உறுதிசெய்யப்பட்ட 257 வழக்குகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் மறுத்திருந்தார்கள். குற்றம் செய்தவர் தகப்பன் இடத்தில் இருப்பவராக இருந்தால், தாய் பிள்ளையின் பக்கம் நிற்காவிட்டால், பிள்ளை சின்னதாக இருந்தால் மறுப்பது அதிகம். அதனால் எப்போது மாற்றிச் சொன்னது, அதற்கு முந்தின நாட்களில் யார் வீட்டுக்கு வந்தார், வருமானம் நின்றுபோகும் என்று யார் பிள்ளையிடம் அழுதார் என்பதையெல்லாம் விசாரிக்கவேண்டும்.

வேண்டுமென்றே புனைந்த புகார்களும் உண்டு. கனடாவில் 1998-ல் விசாரிக்கப்பட்ட, பாலியல் மட்டுமல்லாத எல்லா வகைச் சிறார் துன்புறுத்தல் புகார்களையும் ஆராய்ந்ததில் சுமார் 4 விழுக்காடு அப்படிப்பட்டவை. பிள்ளை யாரிடம் வளர்வது என்று பெற்றோர் சண்டையிடும் குடும்பங்களில் 12 விழுக்காடு. அங்கேயும் புனைந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். நல்ல விசாரணை அதிகாரி மாற்று விளக்கங்களை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு உள்ளே போவார்: குளிப்பாட்டும்போது தொட்டதா, மருந்து தடவியதா, ஃபோனில் பார்த்ததைச் சொல்கிறதா, வேறொரு "மாமா"வா. நிரபராதியைக் காப்பாற்றுவதும் இதே கவனம்தான். கெட்டுப்போகாத முதல் வாக்குமூலம் அவருக்கும் தேவை.


ஆலோசக_ஆசிரியை எழுதியது:

மிகுந்த நன்றி. கடைசியாக இரண்டு. நேர்காணல் நடக்கச் சில நாள் ஆகும் என்றால் அதுவரை நான் பிள்ளைக்கு ஆலோசனை தரலாமா? குறிப்பில் என்னென்ன எழுதவேண்டும்?


நேர்காணல்_பயிற்றுநர் எழுதியது:

ஆறுதலைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம், பயம், வகுப்பில் உட்கார முடியாதது பற்றிப் பேசலாம், வரையலாம், விளையாடலாம். சம்பவத்தை மட்டும் நீங்களாகத் தொடவேண்டாம். வரைய வைத்தால் "உனக்குப் பிடிச்சதை வரை" என்று விடுங்கள், "அவர் செஞ்சதை வரை" என்று சொல்லாதீர்கள். பிள்ளையே எடுத்தால் கேளுங்கள், "சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். "நீ தைரியமாச் சொன்னதுக்கு மிட்டாய்" என்பது வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மறுநாளே மீறவேண்டி வரும். எத்தனை அமர்வு நடந்தது என்பதைப் போலீசிடம் சொல்லிவிடுங்கள்.

குறிப்பு அன்றைக்கே, பேனாவில், ஒரே தாளில். தேதி, மணி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள். பேச்சை எடுத்தது பிள்ளையா நீங்களா. உங்கள் கேள்வி சொல்லுக்குச் சொல், அதன் கீழே பிள்ளையின் பதில் சொல்லுக்குச் சொல், பேச்சுத் தமிழிலேயே. நாடகத்து வசனம் மாதிரி வரவேண்டும். கேள்வியை எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு. அழுததா, விளையாடிக்கொண்டே சொன்னதா என்பதை எழுதலாம். "பயந்தது போல் தெரிந்தது, உண்மை சொல்வதாகப் பட்டது" என்ற உங்கள் கருத்தை எழுதவேண்டாம். பிறகு யாருக்கு எத்தனை மணிக்குத் தகவல் கொடுத்தீர்கள் என்று போட்டுக் கையெழுத்து. திருத்தினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். அழகாகத் திரும்ப எழுதிவிட்டு முதல் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், நீதிமன்றம் கேட்பது அந்த முதல் தாளைத்தான். மூலத் தாள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், வகுப்புக் கோப்பில் வைக்கவேண்டாம்.


நீதிமன்ற_வாசல் எழுதியது:

சேர்த்துக்கொள்ளுங்கள்: தலைமையாசிரியரிடம் குறிப்பைக் காட்டலாம், ஆனால் அவர் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு "உறுதிப்படுத்திக்கொள்ள" விசாரிக்கவேண்டியதில்லை. புகார் கொடுக்க அவர் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், பிரிவு 19 கடமை தெரிந்த ஒவ்வொருவர்மீதும் தனித்தனியாக இருக்கிறது. புகார் எண்ணையும், அதை எடுத்த அதிகாரியின் பெயரையும் அதே தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.